தெங்கு, விரால், கிணற்று மீன்: உயிரினங்களை வகைப்படுத்தவும் அவற்றின் பரவலைத் தேடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

உலகின் எந்த மூலையில் வளர்ந்தாலும் தென்னைக்கு அறிவியல் பெயர் ஒன்றுதான்: கோகோஸ் நியூசிஃபெரா. பிலிப்பைன்ஸ் தோப்பில் நிற்கும் மரமும் ஜமைக்காவின் கடற்கரை மரமும் பொள்ளாச்சி மரமும் அந்தப் பெயருக்குள் அடங்கும். அந்தப் பெயர் எதன்மேல் நிற்கிறது என்று ஒரு தாவரவியலாளரிடம் கேட்டால் அவர் எந்த மரத்தையும் காட்டமாட்டார். 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒரு புத்தகத்தின் முதல் நான்கு படங்களைக் காட்டுவார். அதில் இருப்பது மலபார்க் கரையின் தென்னை. படத்துக்கான தலைப்பு ‘தெங்கா’. புத்தகத்துக்கான வேலை நடந்த ஊர் கொச்சி.

ஹோர்டஸ் மலபாரிக்கஸ் என்ற அந்தப் புத்தகம் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. சுமார் 740 செடிகள், 790 சொச்சம் செப்புத் தகட்டுப் படங்கள். உயிரினங்களை வகைப்படுத்தும் வேலையைப் புதிதாகக் கற்க நினைப்பவருக்குக் கொச்சியைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம் என்று சொல்வேன். இந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள காயலையும் கிணறுகளையும் வைத்தே இந்த வேலையின் எல்லாப் படிகளையும் பார்த்துவிடலாம்.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அறிவியல் பெயர் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு நாளில் எடுத்த ஒரு பொருளோடு கட்டப்பட்டது. அந்தக் கட்டு அவிழ்ந்தால் பெயரும் தடுமாறும், வரைபடமும் தடுமாறும். கீழே வரும் கதைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்டைப் பற்றியவைதான்.

படி 1: உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள்

1663-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1670 முதல் 1677 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். அவர் தாவரவியலாளர் அல்ல, படைக்காரர், நிர்வாகி. ஆனால் தனக்குத் தெரியாதது எது என்று தெரிந்தவர். அதனால் தெரிந்தவர்களைத் தேடினார்.

முதலில் வந்தவர் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளி கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவரிடம் பரம்பரையாக வந்த ஓலைச்சுவடி இருந்தது. அடுத்து ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். ஆட்கள் காட்டுக்குள் போய்ச் செடிகளைக் கொண்டுவந்தார்கள், ஓவியர்கள் வரைந்தார்கள், வைத்தியர்கள் பெயரும் குணமும் சொன்னார்கள். மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசிய மொழிக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. லத்தீனில் எழுதியவர் யோஹன்னஸ் காசேரியஸ் என்ற பாதிரியார். படங்களிலோ செடியின் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டும் நிற்கவில்லை. மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் இருக்கிறது.

இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு, கோலெழுத்து என்ற பழைய எழுத்தில் எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. கொங்கணி வைத்தியர்களின் சான்றும் அப்படியே. தகவல் சொன்னவரின் கையெழுத்தையே புத்தகத்தில் பதித்தது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். தலைப்புப் பக்கத்தில் அச்சுதனின் பெயர் இல்லை என்பது வேறு விஷயம். அச்சுதனை உலகம் மறந்து நினைவுகூர நெடுங்காலம் ஆனது.

நீங்கள் செய்யவேண்டியது: ஒரு செடியையோ மீனையோ பார்த்தால் முதலில் அந்த ஊர்ப் பெயரைக் கேளுங்கள். காதில் விழுந்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எந்த மாதத்தில் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்றும் கேளுங்கள். ‘எங்கே கிடைக்காது’ என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பரவலைத் தேடுபவருக்கு அதுதான் தங்கம்.

ஆனால் ஊர்ப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல சிற்றினங்கள் கலந்து வருகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மஞ்சள் காமாலைக்கு வாங்குபவருக்கு எந்தச் செடி கைக்கு வந்தது என்பது தெரியாது. அறிவியல் பெயர் தேவைப்படுவது இங்கேதான்.

படி 2: மாதிரி எடுங்கள், சீட்டு எழுதுங்கள்

செடி என்றால் பூவோ காயோ உள்ள கிளையை எடுங்கள். இலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயனில்லை. செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, கனமான பலகையால் அழுத்தி, ஈரம் இழுத்த தாளைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலக் கொச்சியில் இது லேசில் நடக்காது. பூஞ்சை பிடிக்கும் முன் வெயிலையோ விளக்குச் சூட்டையோ தேடவேண்டியிருக்கும்.

தென்னையை எப்படி அழுத்துவது? முடியாது. மட்டை மட்டுமே பல மீட்டர் நீளம். பனைக் குடும்பத்து மரங்களின் உலர்ந்த மாதிரிகள் உலகமெங்கும் குறைவாக இருப்பதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். பனை ஆராய்ச்சியாளர்கள் மட்டையை வெட்டி, மடித்து, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி, பல தாள்களில் ஒட்டுவார்கள். ரீட்டின் ஓவியர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மரம் முழுவதையும் ஒரு தாளிலும், பாளையையும் காயையும் அடுத்தடுத்த தாள்களிலும் வரைந்துவிட்டார்கள்.

மாதிரியைவிட அதோடு போகும் சீட்டு முக்கியம். ஊர், ஊருக்குள் எந்த இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எடுத்தவர் பெயர், ஊர்ப் பெயர், காய்ந்தால் மறைந்துவிடும் பூவின் நிறமும் மணமும். சீட்டில்லாத மாதிரி வெறும் சருகு.

தொடக்கநிலையில் உள்ளவர் ஒளிப்படத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முழுச் செடி, இலையின் இரு பக்கம், பூ, காய், பட்டை என்று தனித்தனியாக எடுங்கள், கைப்பேசியில் இடக்குறிப்பு பதிவாகிறதா என்று பாருங்கள். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமும் இருக்கின்றன.

படி 3: திறவுகோலைக் கையாளப் பழகுங்கள்

இனம் காண உதவும் கேள்வி வரிசையைத் திறவுகோல் என்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில், ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குக் கூட்டிப்போகும். தென்னிந்தியச் செடிகளுக்கு இன்றும் பலர் எடுப்பது ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி சி.இ.சி. ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936). திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) கே.எம். மேத்யூ அடிகளார் தமிழகக் கர்நாடகச் சமவெளிக்காக எழுதிய நூலும் நமக்கு அருகிலிருக்கும் துணை.

புத்தகத்தைத் திறக்கும் முன் ஹோர்டஸ் மலபாரிக்கஸில் உள்ள பனைகளில் ஐந்தை வைத்தே பழகலாம்.

முதல் கேள்வி: மட்டை விசிறிபோல் விரிகிறதா, நடுநரம்பின் இருபக்கமும் ஓலை வரிசையாக வருகிறதா? விசிறி என்றால் பனை அல்லது தாளிப்பனை. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பாளை ஆண்டுதோறும் வரும். தாளிப்பனையோ பல பத்தாண்டுகள் காத்திருந்து உச்சியில் ஒரே ஒரு முறை பிரமாண்டமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும்.

வரிசை என்றால் அடுத்த கேள்வி: மட்டை ஒரு முறை பிரிகிறதா, பிரிந்த கிளை மறுபடியும் பிரிகிறதா? மறுபடியும் பிரிந்து, ஓலை மீன்வால் வடிவில் இருந்தால் கூந்தல்பனை. ஒரு முறை மட்டும் என்றால் தென்னை அல்லது கமுகு. மரத்தின் உச்சிக்குக் கீழே பச்சைக் குழாய்போல வழவழப்பான உறை இருந்தால் அது கமுகு. சாப்பாட்டுத் தட்டு செய்யும் பாக்குமட்டை அந்த உறைதான். உறை இல்லையென்றால் தென்னை.

இங்கே எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். செவ்விளநீர் மரமும் சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டையும் ஓங்கி வளரும் மேற்குக்கரை நெட்டையும் பார்வைக்கு இவ்வளவு வேறுபடுகின்றனவே, இவை தனித்தனிச் சிற்றினங்கள் ஆகாதா? ஆகா. நெட்டையையும் குட்டையையும் கலந்தால் கலப்பின மரம் வளர்ந்து காய்க்கிறது. விவசாயிகள் நடும் நெட்டை-குட்டைக் கன்றுகள் அப்படி வந்தவைதான். தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றக் கூட்டங்களோடு இயற்கையில் கலவாமல் நிற்பதுதான் சிற்றினம் என்று 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் கொடுத்த வரையறையைப் பலரும் தொடக்கப் புள்ளியாக வைக்கிறார்கள். செடிகளில் அது அடிக்கடி மீறப்படும். வரையறைக்காக இயற்கை காத்திருப்பதில்லை.

படி 4: பெயரின் மூலத்தைத் தேடுங்கள்

வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்பதுபோல, ஒரு சிற்றினப் பெயருக்கு அதன் வகைமாதிரியைக் கேட்கவேண்டும். பெயர் இந்தப் பொருளுக்குத்தான் வைக்கப்பட்டது என்று காட்டும் ஒரே ஒரு மாதிரி அது. அந்தச் சிற்றினத்தில் சிறந்த மாதிரியாகவோ சராசரி மாதிரியாகவோ அது இருக்கவேண்டியதில்லை. பிற்காலத்தில் சண்டை வந்தால் பெயர் யாருக்குச் சொந்தம் என்று தீர்க்க அது போதும்.

ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ செடிகளுக்கான பெயர்க் கணக்கின் தொடக்கம். விலங்குகளுக்கு அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’யின் 1758 பதிப்பு. அதற்கு முன் வந்த பெயர்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் சேரா. ஆகவே ரீட்டின் ‘தெங்கா’ அறிவியல் பெயராகச் செல்லாது. ஆனால் இந்தியாவுக்கே வராத லின்னேயஸ், தென்னைக்குப் பெயர் வைக்கும்போது ரீட்டின் படத்தைச் சுட்டினார். வகைமாதிரி எது என்று குறிக்கும் வழக்கம் அப்போது இல்லை. 1979-இல் ஹரல்ட் மூர், ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் என்ற பனை ஆய்வாளர்கள் லின்னேயஸ் சுட்டியவற்றை அலசி, ‘தெங்கா’ படங்களையே வகைமாதிரியாகத் தேர்ந்தார்கள். பின்னால் வந்தவர் தேர்ந்து நிறுத்துவதால் இதற்குத் தேர்வு வகைமாதிரி என்று பெயர். பெயர் தள்ளுபடியானது, படம் நிலைத்தது. இன்று புதிய பூக்கும் செடிக்குப் பெயர் வைப்பவர் படத்தை மட்டும் காட்டித் தப்பமுடியாது, உலர்ந்த மாதிரியை ஹெர்பேரியத்தில் வைத்தாகவேண்டும்.

படம் என்ன செடி என்று உறுதியாகத் தெரியாவிட்டால்? கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் கே.எஸ். மணிலால் அந்தக் கேள்விக்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். ரீட்டின் ஆட்கள் செடி பறித்த பகுதிகளுக்கே திரும்பப் போய், புத்தகத்தில் உள்ள செடிகளை ஏறக்குறைய முழுவதும் மீண்டும் சேகரித்து, படத்தோடு ஒப்பிட்டார். 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் 12 தொகுதிகளும் வந்தன. இட்டி அச்சுதனின் மண்ணில் பிறந்த நூலை அவர் மொழியில் படிக்க 330 ஆண்டுகள் ஆயின. மணிலால் 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

படி 5: புத்தகத்தில் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள்

சென்னை மாகாண ராணுவ மருத்துவராகக் கொச்சியில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டே, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்தார். கொச்சியைப் பற்றி 1863-இல் ஒரு புத்தகம், மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் ஒன்று, பிறகு இந்திய மீன்கள் பற்றிய பெருநூல். இந்திய மீனியலில் இன்றும் அவரைத் தாண்டிப் போகமுடியாது.

1865-இல் டே கொச்சியில் கிடைத்த விரால் குஞ்சுகளைப் பார்த்து, உடலில் ஓடிய இரண்டு கோடுகளைக் கொண்டு ‘டிப்லோகிராமா’ என்று புதுச் சிற்றினப் பெயர் வைத்தார். ஆனால் இதைப்போன்ற பெரிய விரால் ஒன்றுக்கு ஜாவாவிலிருந்து வந்த மாதிரியை வைத்து 1831-இலேயே ‘மைக்ரோபெல்டிஸ்’ என்று பெயர் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று பின்னால் முடிவு செய்துவிட்டார்கள். முந்திய பெயருக்கே முதலிடம் என்பது விதி, எனவே டேயின் பெயர் கிடப்பில் போனது.

அதன் விளைவைப் பாருங்கள். தாய்லாந்து, இந்தோனேசியா, நடுவே ஒன்றுமில்லாமல் திடீரென்று கேரளம் என்று வரைபடத்தில் ஒரு மீன் இரண்டு துண்டாக நின்றது. கேரளத்து மீனவர்கள் புலிவாக என்று பிடித்து விற்ற மீனுக்கு உலகப் பட்டியலில் தனிக் கணக்கே இல்லை. எங்கோ தென்கிழக்கு ஆசியாவில் ஏராளமாக இருக்கும் மீன் என்றால் இங்கே அது குறைவதைப் பற்றி யார் கவலைப்படுவார்?

2011-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. கேரளத்து மீன்களையும் தென்கிழக்காசிய மீன்களையும் பக்கம் பக்கமாக வைத்துத் தலையின் உணர்துளைகளையும் தொண்டைச் செதில்களையும் பக்கக்கோட்டுச் செதில்களையும் முதுகெலும்புத் துண்டுகளையும் எண்ணினார்கள். எண்ணிக்கைகள் வேறுபட்டன. மரபணுவும் அதையே சொன்னது: கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த இரு வழிகள். 146 ஆண்டுகளுக்குப் பிறகு சன்னா டிப்லோகிராமா தன் பெயரைத் திரும்பப் பெற்றது. இது தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஆறுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரே பெயரின் கீழ் இரண்டு பகுதிகள் இடைவெளி விட்டு வரைபடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான இடைவெளியாக இருக்கலாம். நடுவில் யாரும் தேடாததாக இருக்கலாம். இரண்டு சிற்றினங்களை ஒன்றாகக் கட்டியதாகவும் இருக்கலாம். மரபணுச் சோதனை இப்போது மலிவாகி வருகிறது. விலங்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுத் துண்டைப் பட்டைக்குறிபோலப் படிக்கும் முறையை 2003-இல் பால் ஹீபர்ட் முன்வைத்தார். ஆனால் டே போல எண்ணத் தெரிந்த கண் இல்லாமல் மரபணு மட்டும் தனியாக எதையும் முடிவு செய்துவிடாது.

படி 6: உறவு மரம்

சிற்றினங்கள் பேரினத்தில், பேரினங்கள் குடும்பத்தில், குடும்பங்கள் வரிசையில் என்று ஏணி மேலே போகும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். இன்று இந்தத் தட்டுகளைத் தோற்ற ஒற்றுமையால் மட்டும் வைப்பதில்லை. ஒரு பேரினத்துக்குள் வைத்த அனைத்தும் ஒரே முன்னோரிலிருந்து வந்திருக்கவேண்டும், அந்த முன்னோரின் வாரிசு எதுவும் வெளியே நிற்கக் கூடாது. ஒரு காலத்தில் தென்னமெரிக்காவின் பல பனைகளையும் தென்னையின் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வேறு பேரினங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று தென்னை தன் பேரினத்தில் தனிமரம், நெருங்கிய உறவினர்களோ அட்லாண்டிக்குக்கு அப்பால்.

படி 7: புள்ளி வையுங்கள், வெற்றிடத்தையும் எழுதுங்கள்

பரவல் வரைபடம் என்பது கடைசியில் புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு சீட்டு அல்லது ஓர் ஒளிப்படம் இருக்கவேண்டும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் நீங்கள் ஏற்றும் படங்கள் அப்படிப்பட்ட புள்ளிகளாகின்றன. ஹெர்பேரியங்களின் பழைய சீட்டுகளும் இப்போது மின்னணுவாகின்றன.

ஆனால் புள்ளிக் கூட்டம் உயிரினத்தைக் காட்டுவதற்கு முன் தேடியவர்களைக் காட்டும். சாலையோரம், கல்லூரி வளாகம், சுற்றுலாத் தலம் இங்கெல்லாம் புள்ளி மொய்க்கும். கொச்சி உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள மங்களவனத்தில் பறவைகள் நிறையப் பதிவாவதற்குப் பறவைகளும் காரணம், நகர நடுவில் இருப்பதால் ஆர்வலர்கள் எளிதாக வந்துவிடுவதும் காரணம்.

இந்தச் சாய்வைத் தவிர்க்க என்ன வழி? கேரளப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் 2020 வரை செய்துகாட்டினார்கள். மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சுமார் 4,000 சிறு கட்டங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மழைக்காலத்தில் ஒரு முறையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் போய் எண்ணினார்கள். அழகான இடம், சலிப்பான இடம் என்று பார்க்கவில்லை. 361 சிற்றினங்கள், சுமார் மூன்று லட்சம் பதிவுகள். இதன் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. ‘தேடினோம், இல்லை’ என்று சொல்லமுடிகிற கட்டங்களில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. ஓர் இடத்தில் இருக்கிறது என்பதால் அந்த இடத்துக்குச் சொந்தம் என்றாகாது. ஃபோர்ட் கொச்சியின் பெருமையாகச் சொல்லப்படும் தூங்குமூஞ்சி மரங்கள் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. முந்திரி, பப்பாளி, அன்னாசி மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். ஆனால் ஹோர்டஸ் மலபாரிக்கஸில் மூன்றும் ஏற்கனவே இருக்கின்றன. 1670-களிலேயே அவை மலபார்ச் செடிகளாகிவிட்டன. எப்போது வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

படி 8: ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை?

உயிரினங்கள் ஓரிடத்துக்கு வரும் வழிகள் சில. நிலமே நகர்ந்து கொண்டுவரும். கடலோ காற்றோ பறவையோ கொண்டுவரும். மனிதர் கொண்டுவருவார்கள். மலையோ கணவாயோ நடுவில் வந்து ஒன்றை இரண்டாக்கும்.

நிலம் கொண்டுவந்ததற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைக் காட்டலாம். 2003-இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசையும் அதற்குப் பெயரிட்டபோது, அதன் உறவினர்கள் இந்தியாவில் இல்லை, செஷல்ஸ் தீவுகளில் இருந்தார்கள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் எச்சம் அது. கொச்சி ஓட்டல்களில் வாழையிலையில் பொதிந்து வாட்டித் தரும் கரிமீன் கதையும் இதேபோல் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுக் கூட்டம் மடகாஸ்கரில். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது பிரிந்தவையா? கிடைத்த தொல்லெச்சங்கள் அவ்வளவு பழையவை அல்ல, எனவே கடலைக் கடந்து வந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. பிரிவின் காலமும் மரபணுக் கணக்கின் காலமும் பொருந்துகின்றனவா என்பதே இதில் தராசு.

கடலும் மனிதரும் சேர்ந்து செய்ததற்குத் தென்னையைவிட நல்ல சாட்சி இல்லை. நெற்றுத் தேங்காய் உப்புநீரில் நூறு நாளுக்கு மேல் மிதந்து கரையேறியும் முளைக்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 1978-இல் ஹியூ ஹாரிஸ் தேங்காய்களை இரண்டு போக்காகப் பார்த்தார். நீண்டு, முனை கொண்டு, மட்டை தடித்து, மிதக்கத் தோதானவை ஒரு பக்கம். உருண்டு, தண்ணீர் மிகுந்து, மனிதர் விரும்பித் தேர்ந்தவை மறுபக்கம். 2011-இல் பீ கன், லூக் பௌதுவான், கென்னத் ஓல்சன் மூவரும் உலகெங்கிலுமிருந்து 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுவைப் படித்தார்கள். உலகத் தென்னை தெளிவாக இரண்டு குழு: இந்தியப் பெருங்கடல்-அட்லாண்டிக் ஒன்று, பசிபிக் ஒன்று. தென்னை இரண்டு இடங்களில் தனித்தனியாக மனிதர் கைக்கு வந்தது என்பது அவர்கள் முடிவு. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கம் ஒன்று, தென்கிழக்காசியத் தீவுகள் மற்றொன்று. இரண்டு குழுவும் கலந்து கிடப்பது மடகாஸ்கர் பக்கம். ஆஸ்திரோனேசியக் கடலோடிகளின் பழைய வழித்தடம் அது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் பிரேசிலிலும் நிற்பது இந்தியப் பெருங்கடல் குழு. வாஸ்கோ ட காமாவுக்குப் பின் போர்த்துகீசியக் கப்பல் ஏறிப் போனவை அவை. ஆக, கொச்சியில் வரைந்த நான்கு படங்கள் ஒரு குழுவின் மரத்தைக் காட்டினாலும், பெயர் இரண்டு குழுக்களையும் சுமக்கிறது.

மலை பிரித்ததற்கு மறுபடியும் ஊதாத் தவளைதான். 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டாவது சிற்றினம் வந்தது, மறைந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரோடு. மேற்குச் சரிவுத் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை, கிழக்குச் சரிவுத் தவளைக்கு வடகிழக்குப் பருவமழை. மலை முகட்டுக்கு இரு புறமும் இரண்டு நாட்காட்டி.

படி 9: உங்கள் கிணற்றைப் பாருங்கள்

1950-இல் ஏ.ஜி.கே. மேனன் கோட்டயத்துக் கிணற்றிலிருந்து வந்த, கண்ணில்லாத, ரத்தச் சிவப்பான, விரல் நீளம்கூட இல்லாத ஒரு கெளுத்தி மீனுக்கு ஹொரக்ளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயர் வைத்தார். பிறகு திருச்சூர் மாவட்டத்திலிருந்து வேறு இரண்டு வந்தன. அவற்றில் ஒன்றுக்கு 2012-இல் அப்துல் கலாம் பெயர். இவை வாழ்வது செம்புறைக்கல் நிலத்தடி நீரில். அங்கே வலை வீசமுடியாது. மோட்டார் குழாயிலோ வாளியிலோ தற்செயலாக வந்தால்தான் உண்டு.

கொச்சி பனங்காட்டில் உள்ள கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுகள் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனும் கூட்டாளிகளும் வேறு வழியைப் பிடித்தார்கள். வீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆறு ஆண்டுகளில் பொதுமக்கள் கொடுத்த தகவல்களால் 47 புதிய இடங்கள் தெரியவந்தன. 2023-இல் வெளியான முடிவில் ஒரு புதுச் சிற்றினமும் இருந்தது. அதற்கு ஹொரக்ளானிஸ் பாப்புலி என்று மக்கள் பெயரையே வைத்தார்கள். வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லாத இந்த மீன்கள் மரபணுவில் வெகுதூரம் விலகியிருப்பதும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே இந்தப் பேரினம் இருப்பதும் அந்த வீட்டுக் கிணறுகளிலிருந்தே தெரிந்தது.

குழாயில் சிவப்பு நூல்போல ஏதாவது நெளிந்து வந்தால் கொட்டிவிடாதீர்கள். குளோரின் இல்லாத அதே கிணற்றுத் தண்ணீரில் மூடிய பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். தேதி, நேரம், கிணற்றின் ஆழம், அன்று நீர்மட்டம் எவ்வளவு, முந்தைய நாள் மழை பெய்ததா, மோட்டார் போட்டபோது வந்ததா வாளியில் வந்ததா என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு வார்டையும் சேர்த்து எழுதி, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கோ அந்தப் பல்கலைக்கழகத்துக்கோ தெரியப்படுத்துங்கள்.